மீட்டரில் 12 வோல்ட் காட்டிய சாக்கெட்: ஒரு நிகழ்வு ஆய்வு

பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய பெட்ரோல் ஹேட்ச்பேக் அது. முக்கூடல் பக்கத்து அண்ணாச்சி ஒருவருடையது. வாழைத்தார் வியாபாரம்; களக்காடு, ஏர்வாடி, நாங்குநேரி என்று தோப்புத் தோப்பாகச் சுற்றுகிறவர். கியர் லீவருக்கு முன்னால் இருக்கும் 12 வோல்ட் சாக்கெட் சரியில்லை என்று பாளையங்கோட்டையில் எங்கள் வயரிங் கடைக்கு வண்டியைக் கொண்டுவந்தார்.

“என்ன அண்ணாச்சி செய்யுது?” என்று கேட்டேன்.

“பழைய போன்ல சார்ஜ் ஏறுது தம்பி. மகன் வாங்கித் தந்த புதுப் போன்ல ஏற மாட்டேங்கு. ஏறுற மாதிரி மின்னுது, உடனே நிக்குது, திரும்பவும் மின்னுது. டயருக்குக் காத்தடிக்க மிஷினைச் சொருகினா உர்ருன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான், சுத்தாது. ரெண்டு கடையில பாத்தாச்சு. மீட்டரை வச்சா பன்னெண்டு வோல்ட் காட்டுது, சாக்கெட் நல்லாத்தான் இருக்குங்காங்க.”

இந்தப் பேச்சிலேயே பாதி விடை இருக்கிறது. சுத்தமாகச் செத்துப்போன சாக்கெட் என்றால் பழைய போனிலும் ஏறாது. அங்கே ஃபியூஸ், அறுந்த வயர் என்று தேடலாம். சின்ன லோடுக்குத் தாங்குகிறது, பெரிய லோடுக்குப் படுத்துவிடுகிறது என்றால் வழியில் எங்கோ தடை உட்கார்ந்திருக்கிறது. அதனால் இந்த மாதிரி வேலையில் வாடிக்கையாளரைக் கொஞ்சம் பேச விடவேண்டும். எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்ற பட்டியல் அவரிடம்தான் இருக்கும்.

அவர் சொன்ன இன்னொரு விஷயம் விசித்திரமாக இருந்தது. புதுப் போனிலும் சில நேரம் சார்ஜ் ஏறுமாம். பாட்டுக் கேட்க ஸ்டீரியோவின் ஆக்ஸ் வயரைப் போனில் மாட்டியிருந்தால் ஏறும். வயரைப் பிடுங்கினால் நின்றுவிடும். ஆக்ஸ் மாட்டியிருக்கும்போது ஸ்பீக்கரில் கீச்சென்று ஒரு சத்தமும் வரும், ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அந்தச் சத்தம் ஏறும். முன்பு பார்த்த கடைகளில் இதைச் சொன்னபோது ‘அது ஸ்டீரியோ பிரச்சினை, தனியாகப் பார்க்கணும்’ என்று ஒதுக்கிவிட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சார்ஜ் ஏறுவதற்கும் பாட்டு வயருக்கும் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: எர்த், அதாவது கரண்ட் வண்டியின் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் பாதை.

முந்தைய வைத்தியம்

ஃபியூஸ் பெட்டியின் மூடியைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு பச்சை ஃபியூஸ். பிளேடு ஃபியூஸ்களில் நிறம்தான் அளவு. சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. மூடியின் உள்பக்கப் படத்தில் இந்த சாக்கெட்டுக்கு 15 என்று போட்டிருக்கிறது. நீலம் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை.

அது எப்படி வந்தது என்று விசாரித்தேன். ரோட்டோரம் வாங்கிய மலிவான சார்ஜர் ஒன்றின் முனை, சாக்கெட்டுக்குள்ளேயே கழன்று விழுந்திருக்கிறது. இந்த சார்ஜர்களின் நுனியில் ஒரு சின்ன மரை வளையம் இருக்கும். அதுதான் நடு முனையையும் அதன் பின்னால் இருக்கும் ஸ்பிரிங்கையும் பிடித்து வைத்திருப்பது. வண்டி ஆட்டத்தில் வளையம் தளர்ந்தால் முனையும் ஸ்பிரிங்கும் உள்ளே உதிரும். சாக்கெட்டின் நடுப்புள்ளி பாசிட்டிவ், சுற்றுச்சுவர் நெகட்டிவ். இரண்டுக்கும் குறுக்கே ஸ்பிரிங் விழுந்தால் நேர் ஷார்ட். ஃபியூஸ் போயிருக்கிறது, தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. முதல் கடையில் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ‘இனிமே போகாது’ என்று 30 ஆம்பியர் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

அதற்கப்புறமும் காற்றடிக்கும் மிஷின் ஓடாததால் அடுத்த கடை. அங்கே சாக்கெட்டையே புதிதாக மாற்றினார்கள். அப்புறமும் ஓடவில்லை, ‘உங்க மிஷின்தான் போச்சு’ என்றார்கள். அண்ணாச்சி புது மிஷினும் வாங்கினார். இப்படி ஃபியூஸ், சாக்கெட், சார்ஜர், மிஷின் என்று நான்கு பொருள் மாறியும் கோளாறு தன் இடத்திலேயே இருந்தது. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. மீட்டர் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் இன்னும் ஒரே ஒரு சோதனை செய்திருந்தால் இந்தச் செலவு வந்திருக்காது.

லோடு கொடுத்துப் பார்த்தது

டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை பொதுவாக 10 மெகா ஓம். 12 வோல்ட்டை அளக்கும்போது அது இழுக்கிற கரண்ட் ஒரு ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். வயரில் 2 ஓம் தடை இருந்தாலும், 2,000 ஓம் தடை இருந்தாலும், இவ்வளவு சொற்பக் கரண்டுக்கு அங்கே வோல்ட் விழுவதே தெரியாது. ஆகவே மீட்டர் நிம்மதியாக 12.4 காட்டும். அது பொய் சொல்லவில்லை. ‘யாரும் கரண்ட் எடுக்காதபோது எத்தனை வோல்ட்’ என்று நாம் கேட்டோம், அதற்குப் பதில் சொல்கிறது. நமக்கு வேண்டியதோ கரண்ட் எடுக்கும்போது எத்தனை என்பது.

அதற்கு எங்கள் கடையில் வைத்திருப்பது இண்டிகேட்டருக்குப் போடும் 21 வாட் பல்பு ஒன்று, ஹோல்டரோடு. அதன் வயர் முனையில் சாக்கெட்டில் சொருகும் பிளக். எல்இடி டெஸ்டர் இந்த வேலைக்கு ஆகாது, அது எடுக்கும் கரண்ட் போதாது. 21 வாட் பல்பு நல்ல லைனில் ஒன்றே முக்கால் ஆம்பியர் எடுக்கும்.

பிளக்கைச் சொருகினேன். பல்பு எரிந்தது, மஞ்சளாக, சோர்வாக. அந்த நிலையில் எடுத்த அளவுகள் இவை. இன்ஜின் ஓடவில்லை. பேட்டரியின் இரண்டு முனைக்கு நடுவில் 12.3 வோல்ட். சாக்கெட்டில் 9.3 வோல்ட். அதாவது 3 வோல்ட் வழியில் காணாமல் போகிறது. எந்தப் பக்கம்? ஒரு நீள வயரை மீட்டரோடு சேர்த்து, பேட்டரி பாசிட்டிவிலிருந்து சாக்கெட்டின் நடுப்புள்ளி வரை அளந்தேன்: 0.1 வோல்ட். ஃபியூஸ், சுவிட்ச், கப்ளர் (வயர்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பு) எல்லாம் சேர்ந்து இவ்வளவுதான் தின்கின்றன. பாசிட்டிவ் பக்கம் சுத்தம். பேட்டரி நெகட்டிவிலிருந்து சாக்கெட்டின் சுவர் வரை அளந்தால் 2.9 வோல்ட்.

நல்ல எர்த்தில் இந்த அளவு கரண்டுக்கு 0.1 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. எல்லோரும் ஃபியூஸ் பக்கமே தேடிக்கொண்டிருந்தார்கள்; கோளாறு திரும்பி வரும் பாதையில் இருந்தது. கரண்ட் போவதற்கு ஒரு வயர், வருவதற்கு பாடி. போகிற வழிக்குத்தான் ஃபியூஸும் படமும் பெயரும் உண்டு. வருகிற வழியை யாரும் பார்ப்பதில்லை.

கழற்றுவதற்கு முன் இன்னொரு உறுதி வேண்டும். ஒரு வயரின் ஒரு முனையை சாக்கெட் சுவரில் வைத்து, மறு முனையைப் பெயிண்ட் இல்லாத நல்ல பாடி போல்ட்டில் தொட்டேன். பல்பு பளிச்சென்று வெள்ளையாக எரிந்தது. எடுத்தால் மறுபடி சோர்வு. மீட்டர் இல்லாதவர்கள்கூட இந்தச் சோதனையைச் செய்யலாம். தற்காலிக எர்த் வயர் நடுப்புள்ளியில் மட்டும் பட்டுவிடக் கூடாது, பட்டால் ஷார்ட்.

2 ஓம் செய்யும் வேலை

பல்பு எடுத்த கரண்ட் சுமார் ஒன்றரை ஆம்பியர். 2.9 வோல்ட்டை அதால் வகுத்தால் எர்த்தில் கிட்டத்தட்ட 2 ஓம் தடை. கேட்க ஒன்றுமில்லாத எண். ஆனால் அண்ணாச்சி சொன்ன ஒவ்வொரு அறிகுறியும் இந்த 2 ஓமிலிருந்து வரிசையாக வெளியே வருகிறது.

வழியில் தடை இருந்தால் அதைத் தாண்டி எவ்வளவு வாட் எடுக்கலாம் என்பதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. வோல்ட்டின் வர்க்கத்தைத் தடையின் நான்கு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். 12.3 வோல்ட், 2 ஓம் என்றால் சுமார் 19 வாட். பழைய போனின் சார்ஜர் 10 வாட் கொடுக்க 12 வாட்டுக்குள் எடுக்கும், ஏறிவிடும். புதுப் போனுக்கு 18 வாட் வேகச் சார்ஜ். சார்ஜருக்குள் வீணாவதையும் சேர்த்தால் 20 வாட்டைத் தாண்டும். அந்த 20 வாட் இந்த வழியில் கிடைக்கவே கிடைக்காது. சார்ஜர் முயன்று பார்க்கும், வோல்ட் சரிந்துவிடும், அணையும், மறுபடி முயலும். மின்னி மின்னி நின்றது அதனால்தான். இன்ஜின் ஓடும்போது வோல்ட் 14 அளவுக்கு வருவதால் உச்சவரம்பு 25 வாட்டை நெருங்கும். ‘ரோட்ல போகும்போது எப்பவாவது ஏறும், நிப்பாட்டுனா ஏறாது’ என்று அவர் பிற்பாடு சொன்னதும் கணக்கோடு ஒத்துப்போனது.

ஆக்ஸ் வயரின் புதிருக்கும் இதுதான் விடை. ஸ்டீரியோவின் எர்த் டேஷ்போர்டுக்குப் பின்னால் வேறொரு போல்ட்டில், நல்ல நிலையில் இருக்கிறது. போனில் ஆக்ஸ் மாட்டியதும் சார்ஜர் கரண்ட் தன் பழுதான வழியை விட்டுவிட்டு, போன் வழியாக, ஆக்ஸ் வயரின் மேலுறைக் கம்பி வழியாக, ஸ்டீரியோவின் எர்த்துக்குப் போய்விடுகிறது. பாட்டு வரும் வயரிலேயே ஒரு ஆம்பியருக்கு மேல் கரண்ட் ஓடினால் ஆல்டர்னேட்டரின் சலசலப்பும் சார்ஜரின் சலசலப்பும் ஸ்பீக்கரில் கேட்கத்தானே செய்யும். இன்ஜின் வேகத்தோடு அந்தக் கீச்சு ஏறியதும் இதனால்தான். கார் ஆடியோவில் கீச்சு என்று வருகிற புகார்களில் ஸ்டீரியோவைத் திறப்பதற்கு முன் எர்த்தைப் பார்ப்பது என் வழக்கம்.

காற்றடிக்கும் மிஷினின் கதை கொஞ்சம் ஆபத்தானது. அது ஓடும்போது 8 ஆம்பியர் வாக்கில் எடுக்கும். நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது மோட்டாரின் தடை ஒரு ஓமுக்கும் குறைவு. இன்ஜின் ஓடினாலும், இந்த எர்த்தோடு சேர்ந்தால் மோட்டாருக்குக் கிடைப்பது இரண்டு மூன்று வோல்ட்தான், சுற்ற முடியாமல் உறுமிக்கொண்டு நிற்கும். அப்போது லைனில் ஓடுவது ஐந்தரை ஆம்பியர் அளவு. 15 ஆம்பியர் ஃபியூஸே போகாது. ஆனால் ஐந்தரை ஆம்பியர் 2 ஓமில் ஓடினால் அந்த ஒரு இணைப்பில் மட்டும் 60 வாட் சூடு. ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான் இருக்கும். ‘சுத்துதான்னு பாக்க’ மிஷினை ஆன் செய்து வைத்துக்கொண்டே இருந்திருந்தால் கார்ப்பெட்டுக்குக் கீழே என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதனால்தான் ஃபியூஸை ஏற்றிப் போடுவதை நான் கோபத்தோடு எதிர்க்கிறேன். தடைக் கோளாறில் கரண்ட் குறைகிறது. ஃபியூஸுக்குத் தெரியவே தெரியாது. ஏற்றிப் போட்டதால் மிஷின் ஓடப் போவதில்லை. மறுபக்கம், அடுத்த முறை உண்மையிலேயே ஷார்ட் ஆனால் 15 ஆம்பியருக்குப் போட்ட வயர் 30 ஆம்பியரைச் சுமக்க வேண்டிவரும். ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை. வயர் அப்படியே இருக்க ஃபியூஸை மட்டும் பெரிதாக்கினால், அடுத்து உருகப் போவது வயர்தான்.

கார்ப்பெட்டுக்குக் கீழே

சரி, அந்த 2 ஓம் எங்கே? பல்பை எரியவிட்டபடியே இடம் இடமாக அளந்தேன். சாக்கெட் சுவரிலிருந்து கப்ளரின் கறுப்பு வயர் வரை 0.05 வோல்ட். கறுப்பு வயரிலிருந்து அருகில் உள்ள பாடி தகடு வரை 2.8. பாடியிலிருந்து பேட்டரி நெகட்டிவ் வரை 0.03. ஆக கறுப்பு வயர் பாடியைச் சேரும் இடத்தில்தான். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, கியர் கன்சோலை எடுத்து, இடது பக்கக் கார்ப்பெட்டைத் தூக்கினோம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஏர்பேக் உள்ள வண்டிகளில் பலவற்றில் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி இந்த நடு மேட்டின் மேல்தான் இருக்கும். மஞ்சள் கப்ளர், மஞ்சள் உறை வயர் தெரிந்தால் அதில் கை வைக்கக் கூடாது, மீட்டரை ஓம்ஸில் வைத்து அளக்கவும் கூடாது. பேட்டரியைக் கழற்றிய பின்னும் சில நிமிஷம் பொறுத்துத்தான் அந்தப் பக்கம் போக வேண்டும்.

கார்ப்பெட்டின் அடியில் இருக்கும் பஞ்சு இன்னும் ஈரமாகவே இருந்தது. தகட்டில் மெலிதாகக் காய்ந்த வண்டல். எர்த் போல்ட்டின் தலை துருப்பிடித்துப் பொரிந்து, வயர் முனையில் இருக்கும் செம்பு வளையமான லக்கின் விளிம்பில் பச்சையாகப் பூத்திருந்தது. லக்கைச் சுற்றி வயரின் உறை கொஞ்சம் இளகிச் சுருங்கியிருந்தது. மிஷினை ஓட்டிப் பார்த்த நேரங்களின் சூடு அது.

வண்டலைப் பார்த்ததும் கேட்டேன், “வெள்ளத்துல நின்ன வண்டியா அண்ணாச்சி?”

“ஆமா தம்பி. அந்த டிசம்பர்ல வண்ணாரப்பேட்டையில மச்சான் வீட்ல நின்னுச்சு. சீட்டு அடி வரைக்கும் தண்ணி. இன்ஜின் பக்கம் எல்லாம் பாத்து ஆயில் மாத்தியாச்சே, நல்லாத்தானே ஓடுது?”

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டு திருநெல்வேலி ஜங்ஷன், சிந்துபூந்துறை, வண்ணாரப்பேட்டை எல்லாம் தண்ணீரில் நின்றது. அப்போது மூழ்கிய வண்டிகளுக்கு இன்ஜின், கியர் ஆயில், பிரேக் எல்லாம் பார்த்தார்கள். சீட்டைக் கழற்றிக் காயவைத்தார்கள். கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் தடிப்பஞ்சைப் பலர் எடுக்கவில்லை. அது தண்ணீரைக் குடித்துவிட்டால் மேலே காய்ந்தாலும் கீழே ஈரம் விடாது. செம்பு லக்கும் இரும்புத் தகடும் சேர்ந்த இடத்தில் ஈரம் நின்றால் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். துரு நல்ல கடத்தி இல்லை. அது முதல் நாளே தெரியாது. மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தடை ஏறி, பெரிய லோடு கொடுக்கும் ஒருநாள் வெளியே வரும். உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை போன்ற கடலோர ஊர்களின் வண்டிகளில் வெள்ளம் இல்லாமலேயே உப்புக்காற்று இந்த வேலையைச் செய்துவிடும்.

பழைய கார் வாங்குகிறவர்கள் இதை மனசில் வைத்துக்கொள்ளலாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை முழுக்க இழுத்துப் பாருங்கள். தண்ணீர் நின்ற கோடு அதில் தெரியும். கார்ப்பெட்டின் ஒரு மூலையைத் தூக்கிப் பஞ்சை அமுக்கிப் பாருங்கள். மேலே எவ்வளவு பாலிஷ் போட்டிருந்தாலும் இந்த இரண்டு இடத்தை மறைப்பது கஷ்டம்.

சரிசெய்தது

போல்ட்டைக் கழற்றி, தகட்டை உப்புத்தாளால் வெள்ளித் தகடு தெரியும்வரை தேய்த்தோம். பழைய லக்கை வெட்டிய இடத்தில் செம்புக் கம்பி கறுத்திருந்தது. ஈரம் உறைக்குள்ளேயே மேலே ஏறியிருக்கிறது. கறுத்த கம்பியில் புது லக் போட்டால் பிடிமானம் நிற்காது. பளபளப்பான செம்பு வரும்வரை வயரைக் குறைத்து, குறைந்த நீளத்துக்கு அதே கனத்தில் வயர் சேர்த்து, ஈயம் பூசிய செம்பு லக்கை அழுத்திப் பிடித்தோம். புது போல்ட், பல் வாஷர், இறுக்கம். வாஸ்லின் தடவியது இறுக்கிய பிறகு, வெளிப்புறத்தில் மட்டும். உலோகமும் உலோகமும் தொடும் இடம் வெறுமையாக இருக்க வேண்டும், அதன் மேல் ஈரம் போகாமல் மூடவேண்டும்; வரிசை இதுதான்.

பச்சை ஃபியூஸ் வெளியே, நீலம் உள்ளே. பஞ்சு முழுவதையும் எடுத்துவிட்டோம். அதைக் காயவைத்துத் திரும்பப் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. புதுப் பஞ்சுக்கு அண்ணாச்சி முதலில் யோசித்தார், போல்ட்டைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னதும் சரி என்றுவிட்டார்.

மறுபடி 21 வாட் பல்பு. எர்த் பக்கம் 0.03 வோல்ட், சாக்கெட்டில் 12.2. அப்புறம் இன்ஜினை ஓடவிட்டுக் காற்றடிக்கும் மிஷினைச் சொருகினோம். போன மாதம் ‘போச்சு’ என்று ஒதுக்கிய பழைய மிஷினையே சொருகச் சொன்னேன். உடனே சுற்றியது. அது 8 ஆம்பியர் இழுத்தபோது பேட்டரியில் 14.1, சாக்கெட்டில் 13.5, எர்த்தில் விழுந்தது 0.1தான். டயர் நிறையும்வரை ஓடவிட்டு எர்த் போல்ட்டைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. புதுப் போனில் ஆக்ஸ் வயர் இல்லாமலே வேகச் சார்ஜ் நிற்காமல் ஏறியது. ஆக்ஸ் மாட்டியபோது கீச்சும் இல்லை.

அதோடு விடவில்லை. தண்ணீர் சீட்டு அடி வரை நின்றதென்றால் அந்த மட்டத்துக்குக் கீழே இருந்த எல்லா எர்த் போல்ட்டும் சந்தேகத்துக்குரியதே. வலது கால் பக்கத்தில் இருந்தது நன்றாக இருந்தது. பின் சீட்டின் கீழே பெட்ரோல் பம்ப்புக்குப் போகும் எர்த்தில், பம்ப் ஓடும்போது 0.4 வோல்ட் விழுந்தது. வண்டி இப்போதைக்கு ஓடும். ஆனால் அதுவும் அதே வண்டலில் கிடந்த போல்ட், விட்டால் ஒருநாள் பெட்ரோல் பிரஷர் குறைந்து நடுரோட்டில் நிற்கும். அதையும் கழற்றித் தேய்த்து லக் மாற்றினோம், 0.05க்கு வந்தது. மச்சானுடைய வண்டியும் அன்றைக்கு அதே வாசலில்தான் நின்றிருக்கிறது. அதையும் ஒருதரம் கொண்டுவந்து காட்டச் சொல்லியிருக்கிறேன்.